விளக்கு எரிகிறது, கிருமி அடங்கியதா?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் தெருக்கூட்டத்தில் ஆற்றில் கலக்கும் சாக்கடை பற்றிப் பேச்சு வந்தது. சுத்திகரித்த கழிவுநீரை யூவி (புற ஊதாக் கதிர்) விளக்கில் காட்டிவிட்டால் 99 சதவீதக் கிருமி செத்துவிடும், அப்புறம் தாமிரபரணியில் விட்டாலும் பயமில்லை என்று ஒருவர் அடித்துப் பேசினார். நாங்கள் தினமும் ஆற்றில் குளிக்கிறவர்கள். விளக்கு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பார்கள்?
— வாசகர், சிந்துபூந்துறை

பதில்: முதலில் அந்த 99-ஐப் பிடிப்போம். காற்றடித்து, படியவைத்து, ஆனால் கிருமி நீக்காமல் வரும் தண்ணீரில் 100 மில்லிக்கு 10 லட்சம் மலக் கோலிபார்ம், அதாவது மலத்திலிருந்து வரும் கிருமி, இருப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. அதில் 99 சதவீதம் போனால் மிச்சம் 10,000. மத்திய அரசின் 2017 அறிவிக்கை 1,000-க்குள் கேட்கிறது, குளிக்கும் ஆற்றுக்கே உச்ச வரம்பு 2,500 தான். ஆக 99 என்பது ஃபெயில் மார்க். அதனால்தான் ஆய்வகத்தில் யாரும் சதவீதம் பேசுவதில்லை, எத்தனை 'லாக்' குறைந்தது என்று எண்ணுவார்கள், ஒரு லாக் என்றால் பத்தில் ஒரு பங்காகக் குறைவது.

அடுத்து விளக்கு. நீலமாக எரிவதைப் பார்த்துத் திருப்திப்படுவது வழக்கம். கிருமியைத் தாக்கும் 254 நானோமீட்டர் கதிர் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, நாம் பார்க்கும் நீலம் அதன் கூட வரும் உபரி. விளக்கு வயசாகிக் கதிர் மங்கிய பிறகும் நீலம் பாட்டுக்கு எரியும். சாதாரணப் பாதரச விளக்குக்கு 9,000 மணி நேரம் என்பார்கள், இரவு பகலாக எரிந்தால் ஒரு வருஷம்தான். போதாததற்கு, விளக்கைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் குழாயில் இரும்பும் சுண்ணாம்புமாகப் பழுப்புப் படலம் படியும். துணியால் துடைத்தால் போகாது, சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால், விளக்கைவிடத் தண்ணீரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கருப்பட்டிக் காப்பியை வடிகட்டிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள், கசடு துளிகூட இருக்காது, ஆனாலும் வெளிச்சம் அந்தப் பக்கம் போகாது. கழிவுநீரும் அப்படித்தான், கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், கதிரை மட்டும் குடித்துவிடும். ஒரு சென்டிமீட்டர் தண்ணீரைத் தாண்டி 65 சதவீதக் கதிர் போகிறது என்று வையுங்கள், இரண்டாவது சென்டிமீட்டரில் 42 ஆகிவிடும், ஐந்தாவதில் 12 கூட மிஞ்சாது. இந்த எண்ணை அளக்காமல் விளக்கு வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, ரொம்ப எளிமையானது. சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைப் பெட்ரி தட்டு என்கிற ஆழமில்லாத ஆய்வகத் தட்டில் கொஞ்சம் ஊற்றி, காந்தக் கலக்கியை மெதுவாகச் சுழலவிட்டு, மேலே ஒரு நீளக் குழாய் வழியாக நேர்க்கதிராக யூவியை விழவைப்பார்கள். கதிரின் பலத்தை மீட்டரில் பார்த்து, ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு தட்டுத் தட்டாக நேரத்தைக் கூட்டுவார்கள். பலம் 0.2 மில்லிவாட் என்றால் 150 வினாடியில் சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிஜூல், கணக்கு அவ்வளவுதான். (தட்டின் ஆழத்தில் கதிர் மங்குவதற்குத் திருத்தம் போட மறந்தால் எல்லாம் பாழ்.) ஒவ்வொரு தட்டிலும் மிஞ்சிய கிருமியை எண்ணிக் கோடு வரைந்தால், முதலில் சரசரவென்று இறங்கும், அப்புறம் ஓரிடத்தில் படுத்துவிடும், எவ்வளவு நேரம் காட்டினாலும் அதற்குமேல் இறங்காது. மிதக்கும் துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகள்தான் அதற்குக் காரணம், அவற்றின்மேல் கதிரே படாது. கோடு 1,000-க்கு மேலேயே படுத்துவிட்டால் இன்னும் நாலு விளக்கு மாட்டிப் பிரயோஜனம் இல்லை, வடிகட்டிக்குச் செலவு செய்யுங்கள் என்று அர்த்தம். இதைச் சொன்னால் விளக்கு விற்க வந்தவருக்கு முகம் சுருங்கும்.

மாட்டிய பிறகு சேம்பிள் எடுப்பதில்தான் நிறைய கூத்து. நான் வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை விளக்கு தாண்டிய தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, பைக்கில் முன்னால் மாட்டிய பையில் வைத்து, பாளையங்கோட்டை வெயிலில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். எண்ணிக்கை எக்கச்சக்கமாக வந்தது, விளக்கே பழுது என்று எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது. யூவி பட்ட கிருமி உடனே சாவதில்லை, அதன் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு பெருக முடியாமல் போகிறது, அவ்வளவே. வெளிச்சம் கிடைத்தால் சில கிருமிகள் ஒரு நொதியை வைத்து அந்த ஒட்டலைப் பிரித்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். அன்றிலிருந்து பாட்டிலில் கறுப்புத் தாள் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோவது.

சரி, ஆற்றில் வெயில் அடிக்காதா என்று கேட்பீர்கள். அடிக்கும். ஆகவே கூடவே இன்னொரு பாட்டிலை வெளிச்சத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து எண்ணச் சொல்லுங்கள். முதல் பாட்டில் விளக்கின் கணக்கு, இரண்டாவது ஆற்றின் கணக்கு. சேம்பிளையும் மதியம் மூன்று மணிக்கு வரத்து குறைந்திருக்கும்போது எடுத்தால் நல்ல பெயர்தான் வரும். ஊரே குளித்துத் துவைக்கும் காலை வேளையில் எடுக்க வேண்டும், ஐப்பசி மழையில் ஒருமுறை, கரண்ட் போய் வந்த பத்து நிமிஷத்தில் ஒருமுறை. விளக்கு சூடேறிப் பழைய நிலைக்கு வரச் சில நிமிஷம் பிடிக்கும், தண்ணீர் அதற்காகக் காத்திருக்காது.

கேள்வி: வீட்டில் ஆர்.ஓ. மெஷினிலும் யூவி இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?
— வாசகி, மேலப்பாளையம்

பதில்: விளக்கு ஒரே சாதி, தண்ணீர்தான் வேறு. உங்கள் மெஷினில் யூவிக்கு வருவது கண்ணாடி மாதிரித் தண்ணீர், கதிர் தடையில்லாமல் போகும். வருஷம் ஒருமுறை விளக்கை மாற்றுங்கள், போதும்.

கேள்வி: யூவி காட்டிய தண்ணீரை வாழைக்குப் பாய்ச்சலாமா அண்ணாச்சி? குளோரின் மாதிரி வாடை இருக்காதாமே.
— விவசாயி, முன்னீர்பள்ளம்

பதில்: வாடை இருக்காது, பயிருக்குக் குளோரின் தொந்தரவும் இல்லை. ஆனால் குளோரின் தண்ணீரில் கொஞ்சம் தங்கிக் காவல் காக்கும், யூவி அப்படித் தங்காது, தொட்டியில் நாலு நாள் தேக்கினால் கிருமி திரும்பப் பெருகலாம். உப்பும் சோப்பும் யூவியால் போகாது. இன்னொன்று, நாக்குப்பூச்சி முட்டைக்கு ஓடு கெட்டி, கோலிபார்மை அடக்கும் அளவு கதிர் அதை ஒன்றும் செய்யாது, படியவைத்தோ வடிகட்டியோதான் எடுக்க முடியும். உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே, பச்சையாகத் தின்னும் பயிருக்குப் பாய்ச்சும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் கூடாது என்றது. வாழைத்தார் உயரத்தில் இருக்கிறது, அடியில் பாய்ச்சினால் பழத்துக்குப் பயமில்லை. ஊடுபயிராகக் கீரை போட்டிருந்தால் அதற்குப் பாய்ச்சாதீர்கள், நீங்களும் வாய்க்காலில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.