சத்து மாவு வாங்கும் முன் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்: எதிர்ப்பு சக்தி பற்றிக் கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை "எதிர்ப்பு சக்தி ஏற என்ன சாப்பிடலாம்?" என்றுதான் கேட்கின்றன. எது அதைக் குறைக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் அந்தப் பக்கத்திலிருந்துதான் பதில் சொல்லப் போகிறேன். மருந்தின் அளவை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

கல்பனா, மேற்கு மாம்பலம்: வீட்டுக்காரருக்கு 54 வயசு, 12 வருஷமா சுகர். போன மாசம் ஹெச்பிஏ1சி 9.1 வந்துச்சு. கால்ல சின்னக் கீறல் பட்டாலும் ஆற மூணு வாரம் ஆகுது. எதிர்ப்பு சக்திக்கு நல்ல டானிக் சொல்லுங்க மேடம்.

டானிக் வேண்டாம். 9.1 என்றால் கடந்த 3 மாதமாக அவர் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 215-ஐ ஒட்டி ஓடியிருக்கிறது. அந்த அளவில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். எண்ணிக்கை குறையாது, அதனால் ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை நார்மல் என்றே வரும். ஆனால் கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே அவை தாமதமாகும். சேர்ந்தாலும் விழுங்கிக் கொல்லும் வேகம் இருக்காது. கூடவே பாதத்தில் நரம்பு மரத்திருக்கும், ரத்தக் குழாயும் சுருங்கியிருக்கலாம். வலி தெரியாது, ரத்தம் போதாது, வரும் வெள்ளணுவும் மந்தம். மூன்று வாரக் கணக்கு இப்படித்தான் வருகிறது. சர்க்கரையை இறக்கினால் வெள்ளணுக்கள் தேறும். நரம்பு அப்படித் திரும்புவது கடினம், அதனால் காலைப் பாதுகாப்பது தனி வேலை.

தினமும் ராத்திரி நல்ல வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். அடிப்பாதம் தெரியக் கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். விரல் இடுக்கை ஒற்றித் துடையுங்கள், அங்கே மட்டும் கிரீம் தடவாதீர்கள், ஊறிப்போய்ப் பூஞ்சை வரும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்ட வேண்டாம். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்கணும். வீட்டுக்குள்ளும் எம்சிஆர் செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு). மத்தியான வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலில் சுற்றிவிட்டுக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் சித்திரை வைகாசியில் அதிகம். சுற்றும்போது அவர்களுக்குச் சூடே தெரிந்திருக்காது.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், நாற்றம் வந்தால், கறுத்தால் அன்றைக்கே காட்டணும்.

கல்பனா (மறுபடி): அவருக்குப் பிறப்புறுப்புல அடிக்கடி அரிப்பும் வருது. அதுவும் இதனாலதானா?

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி "க்ளிஃப்ளோசின்" என்று பெயர் முடிகிற மாத்திரை சாப்பிடுகிறாரா பாருங்கள். அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். சர்க்கரை கலந்த சிறுநீர் பட்ட இடத்தில் பூஞ்சை வளரும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்தாலே பலருக்குச் சரியாகும். திரும்பத் திரும்ப வந்தால் டாக்டர் மாற்றிக் கொடுப்பார்.

பிரவீன், சோழிங்கநல்லூர்: ஓஎம்ஆர்ல நைட் ஷிஃப்ட், 3 வருஷமா. மாசம் ஒரு சளி கன்ஃபர்ம். தூக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா, இல்ல சும்மா சொல்றாங்களா?

சும்மா சொல்லவில்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு 4 மடங்குக்கு மேல் இருந்தது. தூக்கம் கெட்டவர்களுக்குத் தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பொருள் (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்) குறைவாக உருவாவதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஷிஃப்ட்டை விடுங்கள் என்று சொல்வது எளிது, இஎம்ஐயை நான் கட்டப் போவதில்லை. அதனால் செய்யக்கூடியது: காலையில் கேபில் ஏறும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெயில் கண்ணில் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். கடைசி காபி, படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே முடியணும். அறை இருட்டாக இருக்கட்டும், ஜன்னலுக்குத் தடித்த திரை போதும். 4 மணி நேரம் தூங்கி எழுந்து, சாயங்காலம் 2 மணி நேரம் என்று துண்டு போடாமல் ஒரே நீட்டாக 7 மணி நேரம் படுங்கள். லீவு நாளில் முழுசாகப் பகல் வாழ்க்கைக்குத் தாவுவதுதான் பலர் கெடுத்துக்கொள்ளும் இடம். அன்றைக்கும் ராத்திரி 2, 3 மணி வரை விழித்திருந்து படுத்தால் உடம்பு குழம்பாது.

வைட்டமின் டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறைவு என்றால் வாரம் ஒன்று என 60,000 யூனிட், 8 வாரம் என்று பெரும்பாலும் எழுதுவார்கள். 8 வாரம் முடிந்ததும் நிறுத்தணும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் வரை போகும்.

சுமதி, பெரம்பூர்: அம்மாவுக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்ஸேட்டும் வைசோலோனும் சாப்பிடறாங்க. ரெண்டும் எதிர்ப்பு சக்தியைக் கொன்னுடும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. நிறுத்திடலாமா டாக்டர்?

நிறுத்தாதீர்கள். முக்கியமாக வைசோலோனை. அது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. சில வாரம் தொடர்ந்து எடுத்தாலே, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று விட்டால் பிரஷர் விழுந்து மயக்கமாகி ஆஸ்பத்திரி வரை போகலாம். படிப்படியாகத்தான் இறக்கணும். எதிர்ப்பு சக்தி எவ்வளவு குறையும் என்பது அளவைப் பொறுத்தது. தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ 2 வாரத்துக்கு மேல் போனால் நிச்சயம் குறைவு என்று கணக்கு. 5 மில்லிகிராமில் ஆபத்து குறைவு, ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொன்று, ஸ்டீராய்டு காய்ச்சலையே மறைத்துவிடும். உள்ளே கிருமி பெருகியிருக்கும், தெர்மாமீட்டரில் 99 காட்டும். அதனால் அவருக்கு இருமல், நடுக்கம், திடீர்ச் சோர்வு வந்தால் காய்ச்சல் இல்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மெத்தோட்ரெக்ஸேட் முடக்குவாதத்தை அடக்கும் மாத்திரை, வாரம் ஒருமுறைதான். தினமும் சாப்பிட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை முடங்கி வெள்ளணு அடியோடு விழும், உயிருக்கே ஆபத்து. முதல் அடையாளம் வாய் முழுக்கப் புண். ஒரு கிழமையை முடிவு செய்து மாத்திரை டப்பாவிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மற்ற மாத்திரைகளோடு கலந்து வைக்காதீர்கள். கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதியிருப்பார்கள், விடக் கூடாது. ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை. யூரின் இன்ஃபெக்ஷனுக்கு யாராவது கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதை அங்கேயே சொல்லுங்கள், இரண்டும் சேரக் கூடாது. பெரிய காய்ச்சல் வந்தால் அந்த வார மெத்தோட்ரெக்ஸேட்டைத் தள்ளிப்போடலாமா என்று போன் செய்து கேளுங்கள். ஸ்டீராய்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

சதீஷ், அண்ணா நகர்: வைட்டமின் சி, ஜிங்க், டெய்லி போடலாமா?

சாதாரண ஆளுக்கு வைட்டமின் சி சளியைத் தடுக்காது. தினமும் எடுத்துவந்தால், வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் போகும், அதுவும் அரை நாள் கணக்குதான். ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும். ஜிங்க் 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போனால் உடம்பில் செம்பு குறைந்து, நீங்கள் காப்பாற்ற நினைத்த வெள்ளணுவே குறையும்.

மீனாட்சி, வில்லிவாக்கம்: நாங்க சைவம். காலைல இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி தோசை. வயிறு நிறையத்தான் சாப்பிடறோம். சத்துக் குறைவுன்னு எப்படிச் சொல்றாங்க?

வயிறு நிறைவது மாவுச்சத்தில். எதிர்ப்பொருளும் வெள்ளணுவும் புரதத்தில் ஆனவை. உடல் எடையில் கிலோவுக்கு தினம் 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்கு, 60 கிலோ எடைக்கு 50 கிராம். உங்கள் தட்டைக் கூட்டிப் பார்ப்போம். 4 இட்லியில் 8, மத்தியானச் சாதத்தில் 8, 2 தோசையில் 6, சாம்பாரிலும் காபிப் பாலிலும் சேர்த்து 8. முப்பதுதான் ஆகிறது. சாம்பார் தெளிவாக இருந்தால் அதுவும் இல்லை.

மீதி 20-க்குப் பெரிய செலவில்லை. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10, ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கிண்ணம் கெட்டித் தயிரில் 4. வாரம் இரண்டு நாள் அடை. முட்டை சாப்பிடும் வீடென்றால் ஒன்றுக்கு 6, அசைவ வீட்டில் 100 கிராம் மத்தி மீனில் 20. கிரியாட்டினின் ஏறியிருப்பவர்கள், அதாவது சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், நம் ஊரில் ஒல்லி உடம்புக்கும் காசநோய்க்கும் அவ்வளவு நெருக்கம். ஜார்க்கண்டில் ஐசிஎம்ஆர் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்ததிலேயே அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது கணிசமாகக் குறைந்தது. 2 வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை இறக்கம் இருந்தால் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். சர்க்கரை உள்ளவர்கள் 2 வாரம் கூடக் காத்திருக்க வேண்டாம், காசநோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு 2, 3 மடங்கு.

ஷர்மிளா, பல்லாவரம்: பையனுக்கு 3 வயசு. ப்ளே ஸ்கூல் சேர்த்ததிலிருந்து மாசாமாசம் சளி. எதிர்ப்பு சக்தி கம்மியா?

பெரும்பாலும் இல்லை. இந்த வயதில் வருஷத்துக்கு 6 முதல் 8 சளி சாதாரணம், ப்ளே ஸ்கூல் பிள்ளைக்கு அதற்கு மேலும் வரும். நடுவில் நன்றாக விளையாடி, எடை ஏறினால் கவலை வேண்டாம், ஒவ்வொரு சளிக்கும் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். வருஷத்தில் 2 தடவை நிமோனியா, 4 தடவை புதிதாகக் காதில் சீழ், தோலுக்கடியில் ஆழமான கட்டி திரும்பத் திரும்ப வருவது, ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் போகாத வெண்படலம், எடை ஏறாதது, குடும்பத்தில் சிறுவயதிலேயே தொற்றில் இறந்த குழந்தை இருப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் குழந்தை நல மருத்துவரிடம் இம்யூனோகுளோபுலின் (ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு) பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வீட்டில் யாராவது பால்கனியில் சிகரெட் பிடிக்கிறார்களா? அந்தப் புகை சட்டையில் ஒட்டி உள்ளே வரும்.

பெயர் வேண்டாம், ராயபுரம்: பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டு. ராத்திரி ஒரு குவார்ட்டர். எது முதல்ல விடணும்?

பீடி. மூச்சுக்குழாயின் உள்சுவரில் கிருமியையும் சளியையும் மேலே தள்ளும் நுண்மயிர்கள் இருக்கின்றன, புகை அவற்றை முடக்கிவிடும். விட்ட பிறகு அவை மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கும்போது சில வாரம் இருமலும் சளியும் கூடும். விட்டதால்தான் வியாதி வந்தது என்று திரும்பப் பற்றவைக்காதீர்கள். குவார்ட்டரைத் தினமும் பல வருஷமாகக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு வரலாம். அதை டாக்டரோடு சேர்ந்து விடுங்கள்.

ஜெயந்தி, திருவான்மியூர்: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ போய்ட்டிருக்கு. காய்ச்சல் வந்தா டோலோ குடுக்கலாமா?

கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கீமோ போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை நியூட்ரோஃபில் அடிமட்டத்தில் இருக்கும். 100.4 டிகிரி காட்டினால் ராத்திரி 2 மணியானாலும் கிளம்புங்கள். கேஷுவாலிட்டியில் முதல் வார்த்தையாகக் "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏறணும். வெட்டிவைத்த பழம், பச்சைக் காய்கறி சாலட், முளைகட்டிய பயறு, கடைச் சட்னி இப்போதைக்கு வேண்டாம்.

கணேசன், தாம்பரம்: நிலவேம்பு, சீந்தில் கஷாயம் தினமும் குடிக்கிறேன். சைடு எஃபெக்ட் இல்லாததுதானே?

வேலை செய்கிற எதற்கும் பக்கவிளைவு உண்டு. நிலவேம்புக் குடிநீர் 9 சரக்குகள் சேர்ந்த மருந்து. காய்ச்சல் நாட்களில் சில நாள் குடிப்பது வேறு, வருஷம் முழுக்கக் காபிக்குப் பதில் குடிப்பது வேறு. சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அதிகமாக இறங்கலாம். சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் வீக்கம் வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கண் மஞ்சளானால் உடனே நிறுத்துங்கள். சிறுநீரக மாற்று செய்தவர்கள் தொடவே கூடாது, அவர்களுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கிவைப்பதுதான் சிகிச்சை. உங்கள் ஊரிலேயே, சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே கேட்டுக் குடியுங்கள்.

பெயர் இல்லாத பொட்டலப் பொடியிடம் ஜாக்கிரதை. மூட்டுவலியோ வீசிங்கோ இரண்டே நாளில் பறந்து, பசி கூடி, முகம் உப்பினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். திடீரென்று நிறுத்தாமல் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

பெயர் வேண்டாம், கோடம்பாக்கம்: அக்கி ரெண்டாவது தடவை வந்திருக்கு, 38 வயசு. டாக்டர் ஹெச்ஐவி டெஸ்ட் எழுதிட்டார். அவமானமா இருக்கு.

சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இளவயதில் அக்கி திரும்ப வந்தால் சர்க்கரையும் ஹெச்ஐவியும் பார்ப்பது வழக்கம், உங்கள் நடத்தையைப் பற்றிய தீர்ப்பு இல்லை. இந்தியாவில் ஹெச்ஐவி முதன்முதலில் 1986-இல் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். அன்றைக்கு மருந்தில்லை. இன்றைக்கு தினமும் மாத்திரை எடுத்தால் ஹெச்ஐவி தாக்கும் சிடி4 என்ற வெள்ளணுக்கள் ஏறி, வயதான காலம் வரை வாழலாம். அரசு மையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விவரம் ரகசியம்.

ராகவன், மயிலாப்பூர்: 67 வயசு, சுகர் இருக்கு. மனைவிக்கு டயாலிசிஸ். எங்களுக்கு எந்தெந்த ஊசி?

இருவருக்கும் ஃப்ளூ ஊசி வருஷம் ஒன்று, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில். நிமோனியா ஊசி எந்த வகை கிடைக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ தவணை. அக்கி ஊசி 2 தவணை, 2 முதல் 6 மாத இடைவெளி. அது உயிருள்ள கிருமி ஊசி அல்ல, பயப்பட வேண்டாம். உங்கள் மனைவிக்குக் கூடுதலாக மஞ்சள் காமாலை பி ஊசி. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு எதிர்ப்பொருள் சரியாக உருவாகாது என்பதால் வழக்கமான அளவைப் போல் இரு மடங்கு, 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6-ஆம் மாதங்களில். கடைசி ஊசிக்கு 1, 2 மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் 10-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மறுபடி ஒரு சுற்று போடணும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையில் போட விடாதீர்கள்.