நான்கு சுவிசேஷங்கள் யாருக்காக எழுதப்பட்டன? - கேள்வி பதில்

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களை மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரும் யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, ஒரே இயேசுவின் வரலாற்றுக்கு எதற்கு நான்கு புத்தகம்? ஒன்றாக எழுதியிருக்கலாமே?

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். தாசியான் என்பவர் கி.பி. 170 வாக்கில் நான்கையும் பின்னி ஒரே நூலாக்கினார். சிரியாவின் சபைகளில் நெடுங்காலம் அதைத்தான் வாசித்தார்கள். 5ஆம் நூற்றாண்டில் தியடொரெட் என்ற ஆயர் தம் பகுதியில் இருந்த 200க்கும் மேற்பட்ட பிரதிகளை அப்புறப்படுத்தி, பழையபடி நான்கையும் தனித்தனியாகக் கொடுத்தார். நல்ல வேலை செய்தார் என்றுதான் சொல்வேன். கலந்துவிட்டால் யார் யாரிடம் பேசுகிறார் என்பதே மறைந்துவிடும்.

கேள்வி: மத்தேயு யூதருக்கு, மாற்கு ரோமருக்கு, லூக்கா கிரேக்கருக்கு என்று ஞாயிறு பள்ளியில் படித்தோம். இதற்கு ஆதாரம் உண்டா பிரதர்?

பெரும்பாலும் உண்டு, ஆனால் அவ்வளவு கறாராகப் பிரிக்க முடியாது. ஆசிரியர் எதை விளக்குகிறார், எதை விளக்காமல் தாண்டிப் போகிறார் என்று பாருங்கள்.

இயேசுவின் சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிட்டதை, யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயர் குறை சொல்லும் இடம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 15இல் நேரே சண்டைக்குள் போய்விடுகிறார். அந்த வழக்கம் கேட்பவர்களுக்குத் தெரியும். மாற்கு 7இலோ கதையை நிறுத்தி, யூதர்கள் கை கழுவாமல் உண்ண மாட்டார்கள், செம்பையும் கிண்ணத்தையும்கூட இப்படித்தான் கழுவுவார்கள் என்று இரண்டு வசனம் பாடம் நடத்துகிறார். கேட்டவர்கள் யூதர்களாக இருந்திருந்தால் இதற்குச் சிரித்திருப்பார்கள்!

ஏழை விதவை ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசும் அப்படியே. அது எவ்வளவு பெறும் என்பதை மாற்கு ரோம நாணயக் கணக்கில் சொல்கிறார். தமிழ் வேதாகமத்தில் 'ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு' என்று வருவது இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் வேறொன்று. கணவன் மனைவியைத் தள்ளிவிடுவதைப் பற்றிய போதனை மத்தேயு 19இலும் மாற்கு 10இலும் உண்டு. மாற்கில் மட்டும், மனைவி கணவனைத் தள்ளிவிட்டு வேறொருவனை மணந்தால் என்ற வரியும் சேர்ந்து வருகிறது. யூத வழக்கத்தில் தள்ளுதல் சீட்டு, அதாவது விவாகரத்துப் பத்திரம், எழுதும் உரிமை பொதுவாகக் கணவனுக்குத்தான். ரோமச் சட்டத்தில் மனைவியும் விலகலாம். அந்த வரி யாருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மத்தேயுவிலும் லூக்காவிலும் இயேசுவின் வம்ச வரலாறு ஏன் இரண்டு விதமாக இருக்கிறது?

இரண்டு பட்டியலிலும் பெயர்கள் ஏன் வேறுபடுகின்றன என்பது நீண்ட வழக்கு, அதை இன்னொரு நாள் பார்ப்போம். போக்கை மட்டும் சொல்கிறேன். மத்தேயு ஆபிரகாமில் தொடங்கி, தாவீது வழியாக, பதினான்கு பதினான்கு தலைமுறையாக இறங்கி வருகிறார். 'வாக்குக் கொடுக்கப்பட்ட நம் ராஜா இவர்தான்' என்று யூத வாசகருக்குக் காட்டுகிறார். லூக்கா இயேசுவிலிருந்து பின்னோக்கி ஏறி ஆதாம்வரை போகிறார். ஆதாம் யூதருக்கு மட்டும் தகப்பன் இல்லையே!

கேள்வி: திமிர்வாதக்காரனை (நடக்க முடியாத நோயாளியை) கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய வீட்டுக்கு லூக்காவில் ஓடு இருக்கிறது, மாற்கில் இல்லை. அப்போது லூக்கா கதை விட்டாரா?

கூர்மையாகப் படித்திருக்கிறீர்கள் தம்பி. கலிலேயா கிராமத்து வீட்டுக் கூரை என்றால் மரச்சட்டம், மேலே நாணல், அதற்கு மேல் மண் பூச்சு. கிரேக்க மூலத்தில் மாற்கு அதைத் 'தோண்டினார்கள்' என்றே எழுதுகிறார். லூக்காவின் வாசகர்கள் ஓட்டு வீடுகள் உள்ள கிரேக்க-ரோம நகரத்துக்காரர்கள். அவர்கள் கண்முன் காணக்கூடிய வீட்டை அவர் காட்டினார். நடந்த காரியம் மாறவில்லை, கூரைதான் மாறியது. இதைப் பொய் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

கேள்வி: யோவான்?

எழுதிய நோக்கத்தை அவரே 20:31இல் சொல்லிவிடுகிறார்: நீங்கள் விசுவாசிக்க வேண்டும் என்பதற்காக. பஸ்கா என்ற யூதப் பண்டிகையை 'யூதருடைய பஸ்கா' என்று வெளியாருக்குச் சொல்வதுபோலவும் எழுதுவார், பழைய ஏற்பாடு தெரியாவிட்டால் பாதி புரியாதபடியும் எழுதுவார். ஒரே பெட்டியில் அவரை அடைக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் ஒவ்வொரு சுவிசேஷமும் ஒரே ஒரு ஊர்ச் சபைக்காக எழுதியதா?

அப்படித்தான் ஆய்வாளர்கள் பலர் எண்ணியிருந்தார்கள். 1998இல் ரிச்சர்ட் பாக்கம் என்ற அறிஞர் அதை மறுத்தார். சபைகள் ஒன்றோடொன்று ஓயாத தொடர்பில் இருந்தன, எழுதியது எங்கும் பரவும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும் என்பது அவர் வாதம். கொலோசே ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் (கொலோசெயர் 4:16) அப்போஸ்தலர் பவுல், இந்த நிருபத்தை லவோதிக்கேயா ஊர்ச் சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்கிறார் பாருங்கள். என் கருத்து: பக்கத்தில் இருந்தவர்களுக்காக விளக்கம் சேர்த்தார்கள், தூரத்தில் இருந்தவர்களையும் மறக்கவில்லை.

கேள்வி: பேச்சிலும் இப்படி ஆளுக்கேற்ற மாற்றம் உண்டா?

அப்போஸ்தலர் புத்தகத்தில் 13, 14, 17 அதிகாரங்களை அடுத்தடுத்துப் படியுங்கள். பிசீதியா அந்தியோகியாவில் யூதர்கள் கூடும் ஜெப ஆலயத்தில் பவுல் எகிப்திலிருந்து புறப்பட்டது, தாவீது, சங்கீதம் என்று பேசுகிறார். யூதரல்லாத மக்கள் கூடிய லீஸ்திரா ஊரில் மழையும் விளைச்சலும் பற்றிப் பேசுகிறார். அத்தேனேயில் வேதவசனம் ஒன்றையும் மேற்கோள் காட்டாமல், 'நாம் அவருடைய சந்ததியார்' என்று அவர்களுடைய புலவர் அராத்துஸின் வரியை எடுக்கிறார். அராத்துஸ் கிலிக்கியா நாட்டுக்காரர், பவுலும் அந்த நாட்டுக்காரர்தான்.

கேள்வி: புதிதாகப் படிப்பவர் எதில் தொடங்கலாம் அண்ணா?

மாற்கு. நான்கில் சிறியது, 16 அதிகாரம்தான். வாய்விட்டுப் படியுங்கள், அன்றைக்குப் பெரும்பாலோர் ஒருவர் வாசிக்கக் காதால்தான் கேட்டார்கள். அப்புறம் லூக்கா.