இலை கண்ணாடி போலத் தெரிந்தால் தண்ணீரை நிறுத்துங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி படத்தோடு எழுதியிருக்கிறார்: "கேமரன் மலையில் வாங்கிய சக்குலென்ட் செடியை வரவேற்பறை மேசையில் வைத்திருக்கிறேன். தினமும் கொஞ்சம்தான் தண்ணீர் தெளிக்கிறேன். மூன்று வாரத்தில் அடியிலைகள் மஞ்சளாகி விழுகின்றன. தண்ணீர் போதவில்லையா?"

இல்லை அம்மா, தண்ணீர் கூடிப்போய்விட்டது. படத்தில் இருப்பது எச்செவேரியா, தடித்த இலையில் நீரைச் சேமித்து வைக்கும் சக்குலென்ட் வகை. ஓர் அடியிலையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று, வெளிச்சம் ஊடுருவும் கண்ணாடி போல இருந்தால் வேர் அழுகுகிறது. தாகத்தில் வாடும் இலை அப்படி இருக்காது. சுருங்கி, மடிப்பு விழுந்து, ரப்பர் மாதிரி வளையும். ஆக அடியில் ஒன்றிரண்டு இலை மட்டும் காகிதம் போல் காய்ந்தால் அது மூப்புதான், பயப்பட வேண்டாம்.

எச்செவேரியாவின் சொந்த ஊர் மெக்சிக்கோவின் மலைப்பகுதி. கேமரனில் தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், இரவில் குளிராக இருப்பதால் அங்கே அது சுகமாக வளர்கிறது. இந்த இனம் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். நம்மூர் இரவுக் காற்றிலோ ஈரம் நிறைந்திருக்கிறது. செடியும் நீரை அதிகம் வெளியேற்றாது, சட்டி மண்ணும் காயாது.

இன்றே செடியைப் பிடுங்கி மண்ணை உதறுங்கள். தண்டில் பழுப்பு மறையும் வரை சுத்தமான கத்தியால் வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டுமுகம் முழுக்கப் பச்சையாகத் தெரிய வேண்டும். இதில் இரக்கம் பார்த்தால் மிச்சமும் அழுகிவிடும். நிழலில் நான்கைந்து நாள் காயவிட்டு, அப்புறம் காய்ந்த மணல் கலவைமேல் உட்கார வையுங்கள். வேர் வரும்வரை தண்ணீர் வேண்டாம்.

நர்சரியில் வரும் தேங்காய் நார்த்தூள் ஈரத்தை விடாது. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு பருமனான ஆற்றுமணலும் உடைத்த செங்கல்லும் கலந்து, அடியில் ஓட்டையுள்ள மண்சட்டியில் நடுங்கள். ஓட்டையில்லாத பீங்கான் கிண்ணம் அழகுதான், ஆனால் செடிக்கு அதுவே எமன்.

தெளிப்பதை விட்டுவிடுங்கள். சாத்தே குச்சி (இறைச்சி வாட்டும் மெல்லிய மூங்கில் குச்சி) ஒன்றைச் சட்டியின் அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டாமல் காய்ந்து வந்தால் மட்டும், அடியோட்டை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் குச்சி இரண்டு வாரம்கூட ஈரமாகவே வரும், பொறுத்திருங்கள்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு நடுக்கூடத்தில் வெளிச்சம் போதாது; தண்டு நீண்டு ஒல்லியாகிவிடும். காலை வெயில் விழும் சன்னல் கம்பியோரம் வையுங்கள். அந்த இடம் இல்லையென்றால் எச்செவேரியாவை வற்புறுத்தாமல் மருள் (ஸ்னேக் பிளான்ட்) வளர்க்கலாம். அது நம் வெக்கையைத் தாங்கும்.

உதிர்ந்தவற்றில் அடிநுனி உடையாத, கெட்டியான இலைகளை எறிந்துவிடாதீர்கள். காய்ந்த மணல்மேல் சும்மா கிடத்தி வையுங்கள். சில வாரத்தில் அடிநுனியில் இளஞ்சிவப்பு நூல் போல வேர் எட்டிப்பார்க்கும், பக்கத்திலேயே மிளகளவில் ஒரு குட்டிச் செடியும் இருக்கும்.