ஜெட் என்ஜின் நெருப்பில் வரிசையாகத் தெரியும் வைர வடிவ ஒளித்திட்டுகள் எப்படி உண்டாகின்றன?

விமானம் ஒலியைவிட வேகமாகப் பறப்பதற்கு அவை அடையாளமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். பிறகு, தரையோடு பிணைத்து வைத்த ஓர் என்ஜினைச் சோதிக்கும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். என்ஜின் இம்மியும் நகரவில்லை; நெருப்பில் மட்டும் ஏழெட்டு வைரங்கள். ஒலியை மிஞ்ச வேண்டியது விமானம் அல்ல, நாசிலிலிருந்து (என்ஜினின் பின்முனைக் குழலிலிருந்து) பாயும் வாயு.

அந்த வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்று அதை நாற்புறமும் நெரிக்கும். முன்னால் நெரிசல் இருக்கிறது என்ற சேதி ஒலியின் வேகத்தில்தான் பரவும். வாயுவோ அதைவிட வேகமாக ஓடுகிறது. ஆகவே முன்கூட்டியே ஒதுங்க வழியில்லாமல், சாய்வான அதிர்வலைகளில் (அழுத்தம் சட்டென்று உயரும் மெல்லிய எல்லைகளில்) மோதித்தான் உள்நோக்கித் திரும்புகிறது. அவ்வலைகள் நடுவில் சந்திக்குமிடத்தில் வாயு சட்டென்று இறுகிச் சூடேறுகிறது; எரியாமல் மிஞ்சிய எரிபொருளும் அங்கே பற்றிக்கொள்கிறது. நாம் பார்க்கும் வெளிச்சம் அதுதான். இப்போது உள்ளழுத்தம் கூடிவிட்டதல்லவா? தாரை விரிகிறது, அளவுக்கு மீறி விரிகிறது, மறுபடி நெரிபடுகிறது. சுற்றுக்காற்றோடு கலந்து வேகம் அடங்கும்வரை இதே கதை.

அந்த வீடியோவில் மூன்றாவது வைரத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன். விரலடியிலேயே நின்றது. வாயு நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் அதனூடே ஓடிக்கொண்டிருக்கிறது, வடிவம் மட்டும் அசைவதில்லை! குழாய்த் தண்ணீர் தொட்டியின் தரையில் விழும்போது சுற்றிலும் ஒரு வட்ட வரம்பு நிற்குமே, அதற்கு இது நெருங்கிய உறவு.

ராக்கெட் மேலே ஏறும்போது வெளியழுத்தம் குறைகிறது. நாசிலிலிருந்து வரும் வாயுவின் அழுத்தமும் வெளியழுத்தமும் சமமாகும் உயரத்தில் வைரங்கள் ஏறக்குறைய மறைந்துவிடும். அதற்கும் மேலே தாரை அகன்று விரியும். நமக்கு அழகாகத் தெரிவது பொறியாளருக்கு அழுத்தம் பொருந்தவில்லை என்ற செய்தி.

இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கின் பெயரால் இவற்றை மாக் வைரங்கள் என்கிறார்கள். ஆனால் நெருப்பே இல்லாத வெறும் அழுத்தக் காற்றின் தாரையிலும் இந்த அலைகள் உண்டு. இயற்பியலாளர் பீட்டர் சால்கர் 1880களின் இறுதியிலேயே அதைப் படம்பிடித்திருக்கிறார்.

வீடியோ தேடுவதானால் ஹைட்ரஜன் ராக்கெட் என்ஜின்களைப் பாருங்கள். மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் ராக்கெட்டுகளில் புகைக்கரியின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் அவற்றை மூடிவிடும்; ஹைட்ரஜன் சுடர் கண்ணாடி போல இருப்பதால் ஒவ்வொரு வைரத்தையும் எண்ணலாம்.