ரிவால்வரின் விசையை வீட்டிலேயே இலகுவாக்கலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து இயந்திரப் பட்டறையில் பணிபுரியும் நண்பர், உரிமம் பெற்ற ஒருவரின் ரிவால்வர் விசை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி) கடினமாக இருப்பதால் அதைத் தாமே அராவித் தரலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பதே என் பதில்.

இரட்டை இயக்க ரிவால்வரில் ஒரே இழுப்பு உருளையைச் சுழற்றி, தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி, பிறகு விடுவிக்கவும் வேண்டியிருப்பதால் அதற்கு ஏறத்தாழ 5 கிலோ அழுத்தம் தேவைப்படுகிறது. சுத்தியலைக் கையால் பின்னிழுத்து வைத்துவிட்டால் 2 கிலோவே போதும். ஆகவே அந்தக் கடினம் பெரும்பாலும் பழுதன்று, அமைப்பின் இயல்பு. பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தாலும் இழுப்பு கனக்கும். அதற்கு முறையான துப்புரவே போதும்.

சுத்தியலை இயக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் இழுப்பு இலகுவாகும், ஆனால் சுத்தியலின் அடி வலுவிழந்து தோட்டா வெடிக்காமல் போகக்கூடும். அராவுவது அதைவிட மோசம்: பல ரிவால்வர்களில் சுத்தியலும் விசையும் ஒன்றையொன்று பற்றும் முனைகளில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும், அது தேய்ந்தாலோ கோணம் சற்றே மாறினாலோ, இழுத்து வைத்த சுத்தியல் விரல் படாமலே விழக்கூடும். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியைத் தீட்டும் கைத்திறன் இங்கே உதவாது.

1948 ஜூன் 16 அன்று இதே ஊர்ப்பக்கம் தோட்டத் துரைமார்கள் (ஐரோப்பிய நிர்வாகிகள்) கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் பிறந்த பிறகு, துரைமார் இடுப்பில் துப்பாக்கி சாதாரணமாயிற்று. இன்றோ மலேசியாவின் 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் குற்றத் தண்டனைச் சட்டப்படி துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. அடுத்தவர் துப்பாக்கி உங்கள் பட்டறை மேசைக்கே வரக்கூடாது. உரிமையாளரே உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகட்டும்.