அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவது ஏன்?

அறுப்பின் பண்டிகை என்பது கிறிஸ்தவ சபைகளில் விளைச்சலின் முதல் பங்கைக் கடவுளுக்கு நன்றியாகப் படைக்கும் நாள். பைபிளில் யாத்திராகமம் 23:16 சொல்லும் முதற்பலன்தான் இதற்கு வேர். தேதி சபைக்குச் சபை மாறும். ஈரோடு, கோபி பக்கம் தேங்காய், வாழைத்தார், மஞ்சள், காலைக் கட்டிய நாட்டுக்கோழி, வீட்டில் சுட்ட முறுக்கு எல்லாம் ஆலயத்துக்கு வந்துவிடும்.

சரி, ஏலம் எதற்கு? கோழியையும் காயையும் அப்படியே வைத்திருக்க முடியாது. பணமானால்தான் சபைச் செலவுக்கு ஆகும். அதோடு, காடு தோட்டம் இல்லாதவரும் ஏலம் கேட்டுக் காணிக்கையில் சேர்ந்துகொள்ளலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். சாப்பாட்டு விலையைப் பார்த்தா மொய் எழுதுகிறோம்? ஒரே ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாய்க்குப் போவதும் அதனால்தான்.

இது விவசாயிகளுக்கு மட்டுமான பண்டிகை என்று பலர் நினைக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி சம்பளத்தில் ஒரு பங்கை உறையில் போட்டு வைப்பதும் அதே முதற்பலன்தான்.