வெள்ளிவிழாவில் சரக்குச் செலவு யாருடையது?

கேள்வி: எனக்கு வயது 52. மதுரையில் தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 78,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 24,000. மகள் கல்லூரியில் கடைசி வருடம். வருகிற தை மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம் நிறைகிறது. ஒரு ஹோட்டலில் 110 பேருக்கு இரவு விருந்து வைக்க நினைக்கிறோம். சாப்பாடு ஆளுக்கு 850 ரூபாய், வரி தனி. அலங்காரம், போட்டோ, கேக் என்று 35,000. இதற்கென்று ஆர்.டி. போட்டு ஒரு லட்சம் சேர்த்திருக்கிறேன். உசிலம்பட்டியில் வியாபாரம் செய்யும் என் சகலை, போன வருடம் தன் வெள்ளிவிழாவில் எல்லோருக்கும் சரக்கு வாங்கிக் கொடுத்தார். நானும் அப்படிச் செய்யாவிட்டால் சொந்தபந்தத்தில் அசிங்கம் என்கிறார். ஹோட்டலில் கேட்டால் ஆளுக்கு 2,200 ரூபாய் பேக்கேஜ் சொல்கிறார்கள். குடிப்பவர்கள் 35 பேராவது இருப்பார்கள். ‘கார்டைத் தேய், மொய் வந்ததும் அடைச்சுடலாம்’ என்கிறார் சகலை. கார்டில் ஏற்கெனவே 1,42,000 ரூபாய் நிலுவை. போன வருடம் மட்டும் 62,000 ரூபாய் மொய்யும் சீரும் செய்ததில் ஏறியது அது. மாதம் 7,100 ரூபாய் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். மனைவிக்கு முழுத் தொகை தெரியாது. விருந்தினர் குடிக்க நான் பணம் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம்.

கூப்பிட்டவர் வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். அது நம் ஊர் முறை, அதில் நீங்கள் குறை வைக்கவில்லை. சரக்கு வாங்கிக் கொடுப்பது அந்த முறையில் சேராது. நம் அப்பா காலத்துக் கல்யாணங்களிலும் குடிக்கிறவர்கள் குடித்தார்கள். மண்டபத்துக்கு வெளியே, அவரவர் காசில். ஹோட்டல்காரர்கள் சாப்பாட்டு மெனுவுக்குப் பக்கத்திலேயே பார் பேக்கேஜையும் அச்சடித்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான், அதுவும் விருந்து வைப்பவர் தலையில் விழுகிற செலவு போல ஆகிவிட்டது.

கார்டு வட்டி எவ்வளவு கொடியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை விளக்கப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘மொய் வந்ததும் அடைச்சுடலாம்’ என்ற வரிதான். சகலை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த 1,42,000 நிலுவை ஏறிய விதத்தைப் பார்த்தால், இது உங்களுக்கும் பழகிப்போன கணக்கு என்று தெரிகிறது. மொய் செய்ய வேண்டுமா, கார்டு. நமக்குத் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் இன்னொரு செலவு, அதற்கும் கார்டு.

மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். பெயர், ஊர், தொகை என்று எழுதி வைத்திருப்பது எதற்கு? திருப்பிச் செய்யத்தான். உங்களுக்கு ஆயிரம் எழுதியவர் வீட்டில் விசேஷம் வந்தால் நீங்கள் ஆயிரமாவது எழுத வேண்டும். வட்டி இல்லாத, தேதி குறிக்காத கைமாற்று அது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைக்கிறார்களே, அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே பலர் சேர்ந்து கறி விருந்து போட்டு, வருகிற மொய்யைத் தொழிலுக்கோ நிலத்துக்கோ முதலாகப் போடுவார்கள். அதிலிருந்து சம்பாதித்து வருடக் கணக்கில் திருப்பிச் செய்வார்கள். நீங்கள் வாங்கப்போகும் மொய்யை ஒரே ராத்திரியில் 35 பேர் குடித்துவிட்டுப் போவார்கள். திருப்பிச் செய்யும் பொறுப்பு மட்டும் உங்களிடம் நிற்கும்.

சரி, மொய் எவ்வளவுதான் வரும்? 110 பேர் என்றால் சுமார் 45 குடும்பம். குடும்பத்துக்கு ஆயிரம் என்று தாராளமாக வைத்தாலும் 45,000. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்றால் மொய் எழுத மேஜை போடுவோம். வெள்ளிவிழாவுக்கு நிறையப் பேர் ஒரு சால்வையோடும் பரிசுப் பொருளோடும் வருவார்கள். ஆகவே இந்த 45,000-மே நிச்சயமில்லை. நீங்கள் சரக்கு வாங்கிக் கொடுத்தீர்கள் என்பதற்காக யாரும் ஐந்நூறு கூட்டி எழுதப் போவதுமில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வரி விஷயமும் இருக்கிறது. ஒருவரின் கல்யாணத்தின்போது அவருக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. கல்யாண நாள் விழாவுக்கு அந்த விலக்கு பொருந்தாது. உங்கள் உடன்பிறந்தவர்கள், மனைவியின் உடன்பிறந்தவர்கள் போலச் சட்டம் உறவினர் என்று சொல்பவர்கள் தருவதற்கு வரி இல்லை. நண்பர்கள், உடன் வேலை செய்பவர்கள், ஏன், சித்தப்பா மகன்கூட அந்தப் பட்டியலில் இல்லை. இப்படிப்பட்டவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானத்தில் சேர்ந்துவிடும்.

இனி உங்கள் கணக்கு. சாப்பாடு 5 சதவீத வரியோடு சுமார் 98,000. மற்ற செலவு 35,000. சரக்கு 77,000. மொத்தம் 2,10,000. கையில் இருப்பது ஒரு லட்சம். துண்டு விழும் 1,10,000-த்தில் 77,000 சரக்குக்கு மட்டும். கார்டில் மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 77,000-க்கு மாதம் சுமார் 3,180 ரூபாய் வட்டி மட்டும். ஒரு வருடத்தில் 38,000. அடுத்த தை மாதம் உங்கள் 26-வது கல்யாண நாள் வரும்போது 38,000 கட்டியிருப்பீர்கள், 77,000 அப்படியே இருக்கும். ஏற்கெனவே நிலுவை உள்ள கார்டில் புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கார்டு நிறுவனம் ‘இ.எம்.ஐ. ஆக மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று குறுஞ்செய்தி அனுப்பும். முன்கூட்டியே ஒப்புதல் தரப்பட்ட தனிநபர் கடன், இப்போது வாங்கி அப்புறம் கட்டு என்று செயலிக்குச் செயலி கூவும். எதையும் தொடாதீர்கள். 77,000-ஐ 12 மாதத் தவணையாக்கினால் மாதம் ஏறக்குறைய 7,000. அது உங்கள் குறைந்தபட்சத் தொகையோடு முழுசாகச் சேரும். இப்போது 7,100 கட்டுகிற இடத்தில் 14,000 கட்ட வேண்டி வரும். வீட்டுக் கடன், மகள் படிப்புச் செலவு போக அது உங்களிடம் இருக்காது.

உங்கள் சகலை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவர் செய்ததை ஒரு மொய்யாகப் பார்க்கிறார். திரும்ப வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். வியாபாரி கையில் பணம் புரளும், ஒரு மாதம் இறுக்கினால் அடுத்த மாதம் சமாளிப்பார். மாதச் சம்பளக்காரருக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் இப்போது வாங்கிக் கொடுத்தால் அடுத்து கொழுந்தியாள் வீட்டு விசேஷம், அதற்கடுத்து உங்கள் மகள் கல்யாணம் என்று இந்தச் செலவு வீட்டுக்கு வீடு சுற்றும். மகள் கல்யாணத்தில் குடிப்பவர்கள் 35 பேரோடு நிற்க மாட்டார்கள். அதனால்தான் இப்போதே நிறுத்தச் சொல்கிறேன்.

இதற்கு எளிய வழி, விருந்தை மதியத்துக்கு மாற்றுவது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குப் பந்தி என்று சொல்லுங்கள். இரவு ஏழு மணிக்கு எழும் சரக்குப் பேச்சு மதியப் பந்தியில் எழாது. பிள்ளைகளும் வயசானவர்களும் நிம்மதியாக வருவார்கள். 85 பேர் என்று சுருக்கினால் சாப்பாடு சுமார் 76,000; மீதி 24,000-த்தில் கேக், போட்டோ, கொஞ்சம் பூ. ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும், ஒரு ரூபாய் கடனில்லாமல்.

இரவுதான் வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டால் வையுங்கள், 25 வருடம் ஒருமுறைதான் வரும். ஹோட்டலில் உரிமம் உள்ள பார் இருக்கிறது, வேண்டியவர்கள் அங்கே போய்த் தங்கள் பில்லைத் தாங்களே கட்டிக்கொள்ளட்டும். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, பார் பில் எதையும் விருந்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மேலாளரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘மாப்பிள்ளை கணக்குல எழுதிக்கப்பா’ என்று யாராவது ஒருவர் சொல்வார். பேக்கேஜ் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 35 என்று எழுதிக் கொடுத்தால் 25 பேர் குடித்தாலும் பெரும்பாலும் 35-க்குத்தான் பில் வரும்.

டாஸ்மாக்கில் வாங்கி ஏதாவது மண்டபத்தில் வைத்துக் கொடுத்தால் பாதிச் செலவு என்று அடுத்த யோசனை வரும். மண்டபத்தில் பரிமாற அனுமதி கொடுக்கலாம் என்று 2023-ல் அரசு அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. வம்பை விலைக்கு வாங்காதீர்கள். உசிலம்பட்டிக்கு ராத்திரியில் வண்டி ஓட்டிப் போகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் அந்த ரோட்டில் இருக்கிறது.

சகலையிடம் சுற்றி வளைக்காமல் பேசுங்கள். ‘அண்ணே, சாப்பாடு என் பொறுப்பு, நல்லாப் போடுறேன். சரக்கு மட்டும் முடியாது, கையில காசு இல்ல’ என்றால் போதும். போன வருடம் அவர் செய்ததற்குக் கைம்மாறு செய்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், இன்னொரு நாள் அவரையும் குடும்பத்தையும் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுங்கள். மூவாயிரத்தில் முடியும்.

கடைசியாக அந்த 1,42,000. இதற்கு மாத வட்டி, வரியோடு 5,865 ரூபாய். நீங்கள் கட்டும் 7,100-ல் அசல் குறைவது 1,235 மட்டும். புதுச் செலவே இல்லாமல் மாதாமாதம் இதே தொகையைக் கட்டினாலும் தீர மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்துக் கார்டை முழுசாக அடைத்துவிடுங்கள். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால், அதே 7,100 ரூபாயை மாதத் தவணையாகக் கட்டி 22 மாதத்தில் நகையை மீட்டுவிடலாம். வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கும் வகை வேண்டாம், மாதத் தவணை வகையாகக் கேளுங்கள். அந்த 22 மாதமும் மொய் எழுதுவது சம்பளப் பணத்திலிருந்து மட்டும். மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம். கார்டு பீரோவுக்குள் இருக்கட்டும்.

நகை உங்கள் மனைவியுடையது. அவரிடம் கேட்காமல் முடியாது. கேட்கும்போது கார்டு நிலுவை முழுவதையும் சொல்லிவிடுங்கள். ஹோட்டலுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். எத்தனை பேரைக் கூப்பிடலாம், மதியமா இரவா என்பதை அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.